யாப்பு மென்பொருளை எவ்வளவு நம்பலாம்? ஒரு குறளை வைத்துச் சோதனை

அவலோகிதம் போன்ற யாப்பு (செய்யுள் இலக்கண) மென்பொருட்களில் ஒரு செய்யுளை இட்டால் அசை (சீரின் ஒலிக்கூறு), சீர் (அசைகள் சேர்ந்த அடியின் உறுப்பு), தளை (அடுத்தடுத்த சீர்கள் இணையும் முறை), தொடை (எதுகை, மோனை போன்றவை) எல்லாம் நொடியில் வந்து நிற்கும். அலகிட, அதாவது செய்யுளை அசையாகவும் சீராகவும் பிரித்துப் பார்க்க, பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல துணை கிடைப்பது அரிது. ஆனால் செய்யுளை எப்படிப் பிரித்து உள்ளிடுகிறோமோ அதற்கேற்பத்தான் விடையும் வரும்.

423ஆம் குறளை எடுத்துக்கொள்வோம்:

எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும் அப்பொருள்
மெய்ப்பொருள் காண்பது அறிவு.

பொருள் எளிதில் விளங்கட்டும் என்று பல பதிப்புகள் இப்படித்தான் அச்சிடுகின்றன. இதை அப்படியே இட்டால் தளை தட்டும். 'காண்பது' கூவிளம் (ஓர் உயிரொலி கொண்ட நேரசை, பின் ஈருயிரொலி கொண்ட நிரையசை), அடுத்து வரும் 'அறி' நிரையசை. விளமுன் (விளச்சீரை அடுத்து) நிரை வந்தால் நிரையொன்றாசிரியத்தளை, அதற்கு வெண்பாவில் இடமில்லை; குறளும் வெண்பாதான். 'காண்ப தறிவு' என்று புணர்த்து எழுதுங்கள்: 'காண்ப' தேமா (நேர் நேர்), மாமுன் நிரை, அது வெண்பாவுக்குரிய இயற்சீர் வெண்டளை. குறை குறளில் இல்லை, நாம் விட்ட இடைவெளியில்தான் இருக்கிறது. 'யார் யார் வாய்க்' என்று பிரித்தாலும் இதே கதைதான்: நாற்சீரடி ஆறு சீராக நீண்டுவிடும். சேர்த்து எழுதினால் ஒரே சீர், தேமாங்காய் (மூன்று நேரசை).

ஈற்றுச்சீர் (கடைசிச் சீர்) 'தறிவு', வெண்பாவின் ஈற்றுச்சீருக்குரிய 'பிறப்பு' என்னும் வாய்பாடு. கருவி இதைப் புளிமா (நிரை நேர்) என்று காட்டினால் ஈற்றுச்சீர் விதியை அது பார்க்கவில்லை என்று பொருள்.

கருவியின் தரத்தை அளக்க எதுகைதான் (இரண்டாம் எழுத்து ஒன்றுவது) சரியான இடம். எப்பொருள், அப்பொருள் என முதற்சீரும் நான்காம் சீரும் ஒன்றுவது ஒரூஉ எதுகை, இது எளிது. அடிகளின் முதற்சீர்களுக்கு இடையிலான அடியெதுகைதான் சிக்கல். இரண்டாம் எழுத்தை மட்டும் ஒப்பிட்டால் 'எப்' என்பதில் ப், 'மெய்ப்' என்பதில் ய். எதுகை இல்லை என்றாகிவிடும். உண்மையில் இது ஆசிடை எதுகை: ய், ர், ல், ழ் ஆகிய ஒற்றுகளில் ஒன்று இடையே வந்தாலும் எதுகை கெடாது. இதைப் பிடிக்கும் கருவி நல்ல கருவி.

சொல் மீண்டும் வருவதைக் காண மட்டும் மென்பொருளை நம்பாதீர்கள். எப்பொருள், அப்பொருள், மெய்ப்பொருள் மூன்றும் சொல் எண்ணும் நிரலுக்கு மூன்று வெவ்வேறு சொற்கள். 'பொருள்' என்ற பகுதியைத் தேடினால் மூன்று முறை கிடைக்கும். அதன் பிறகும் ஒரு கேள்வி மிஞ்சும்: மூன்று இடத்திலும் பொருள் ஒன்றா? ஒன்றே என்பதால் இங்கே சொற்பொருள் பின்வருநிலையணி, வேறானால் சொற்பின்வருநிலையணி. அதை முடிவுசெய்ய உரையைப் புரட்டித்தான் ஆக வேண்டும்.