வளவு மரம்: நாட்கூலியா, முழு ஒப்பந்தமா?

1978 நவம்பர் சூறாவளியைக் கண்ட மட்டக்களப்பில், மாரிக்கு முன் கூரைமேல் சாய்ந்த மரத்தை ஏன் வெட்டவேண்டும் என்று விளக்கத் தேவையில்லை. செலவுதான் கேள்வி.

நாட்கூலிக்கு ஏறுபவர் கேட்பது குறைவு. ஆனால் மரம் அரியும் மெஷின் வாடகை, பெற்றோல், கொப்பு ஏற்றும் லேண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெஷின்), சாப்பாடு எல்லாம் நம் பொறுப்பு. ஓடு உடைந்தால் அதுவும். ஆள் விழுந்தால்? நினைக்கவே பயமாக இருக்கிறது.

ஒப்பந்தக்காரர் கூடுதலாகத்தான் கேட்பார். கயிறு கட்டி இறக்குவதும் வளவைத் துப்புரவாக்குவதும் அதற்குள் அடங்குமா, மரம் யாருக்கு என்று முதலே பேசுங்கள். தேக்கென்றால் மரத்தை அவருக்கே விட்டு, கூலியில் நன்றாகக் கழிக்கலாம்.

வெறும் வளவில் நிற்கும் தென்னைக்கு நாட்கூலி போதும். வீட்டோடு நிற்கும் மரத்துக்கு ஒப்பந்தமே என் தெரிவு. பலா, ஈரப்பலா, பெண்பனை என்றால் எவரை அழைத்தாலும் பிரதேச செயலகத்தில் முதலில் அனுமதி எடுங்கள்.