பழைய பலகைத் தளம்: மிஷினா கையா, எண்ணெயா பியூவா?

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் பழைய பங்களா ஒன்று கைமாறினால், புது உரிமையாளர் முதலில் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "இந்தப் பலகைத் தளத்தை மிஷின் போட்டு இழைத்து பளபளவென்று ஆக்கிவிடலாமா?" ஆக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் பலகையின் கனத்தைப் பாருங்கள்.

இந்தத் தளங்களில் பலவும் நாக்கும் காடியுமாக, அதாவது ஒரு பலகையின் ஓர நீட்டல் அடுத்த பலகையின் பள்ளத்தில் நுழையும்படி, கோத்தவை. 20 மி.மீ. பலகை என்றாலும் தேய்க்க நமக்குக் கிடைப்பது நாக்குக்கு மேலே உள்ள சுமார் 6 மி.மீ. மட்டுமே. அதிலும் முன்பே ஒருவர் இழைத்திருக்கலாம். கதவடியிலோ மின்வயர் போன ஓட்டையிலோ பார்த்தால் மிச்சம் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

டிரம் சாண்டர், அதாவது உப்புத்தாள் சுற்றிய உருளை ஓடும் மிஷின், வேகமானது. ஒரு கூடத்தை ஒரே நாளில் முடித்துவிடலாம். முழுசாக ஒரு தடவை ஓட்டினால் அரை முதல் 1 மி.மீ. வரை போய்விடும், ஓட்டுபவர் ஓரிடத்தில் சற்று நின்றுவிட்டாலோ அங்கே குழியே விழும். நடுவில் பள்ளமாகக் குழிந்த பலகையைச் சமப்படுத்தப் போனால், இரு ஓரங்களிலும் மரத்தை வீணாக இழக்க வேண்டியிருக்கும். ஆணித்தலைகளை முதலிலேயே உளி போன்ற 'பஞ்ச்' கருவியால் தட்டி உள்ளே இறக்காவிட்டால் உப்புத்தாள் கிழிந்துகொண்டே இருக்கும்.

கையால் சுரண்டும் ஸ்கிரேப்பரும், கையில் பிடித்துத் தேய்க்கும் சின்ன ஆர்பிட்டல் சாண்டரும் மெதுவான வழி. முதுகு வலிக்கும், கூலி ஏறும். ஆனால் பழைய பாலிஷை மட்டும் எடுத்துவிட்டு, காலடி பட்டுப் பழுத்த நிறத்தை விட்டுவைக்க முடியும். அந்த நிறம் போனால் எந்தச் சாயமும் அதைத் திருப்பித் தராது. பலகை நல்ல கனமாக இருந்து, முழுக்க பெயின்ட் அப்பியிருந்தாலொழிய நான் மிஷினைச் சொல்ல மாட்டேன். பெயின்ட் இருந்தாலும் ஒரு எச்சரிக்கை: இந்தியாவில் வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) வரம்பு வந்ததே 2017 நவம்பரில்தான். பழைய பூச்சை உலர்வாகத் தேய்த்தால் ஈயத் தூசிதான் பறக்கும். நனைத்துச் சுரண்டுங்கள், அல்லது பெயின்டை இளக்கி எடுக்கும் கெமிக்கல் ஸ்டிரிப்பர் போடுங்கள். குழந்தைகள் அந்தப் பக்கமே வரக்கூடாது.

அப்புறம் பூச்சு. பியூ, அதாவது பாலியூரித்தேன், மேலே கெட்டியான படலமாக நிற்கும். தண்ணீர், செருப்பு, நாற்காலிக்கால் எல்லாவற்றையும் தாங்கும். பொதுவாக எல்லாரும் பரிந்துரைப்பதும் அதைத்தான். சிக்கல் தேய்ந்த பிறகுதான் தெரியும். வாசற்படி அருகே ஒரு முழம் தேய்ந்தால் அங்கே மட்டும் ஒட்டுப்போட்டால் திட்டாகத் தெரியும். ஒழுங்காக வேண்டுமென்றால் முழு அறையையும் தேய்க்க வேண்டும். படலம் அடிமரம் வரை தேய்ந்துவிட்டிருந்தால் மறுபடி சாண்டர், மறுபடி கனம் போகும். தேக்காக இருந்தால் அதன் இயற்கை எண்ணெய் பியூவைச் சரியாகப் பிடிக்கவிடாது. பூசும் முன் அசிட்டோன் தொட்ட துணியால் துடைக்க வேண்டும்.

ஆளிவிதை எண்ணெய் மரத்துக்குள் இறங்கிவிடும். தேய்ந்த இடத்தை லேசாக உரசி அங்கே மட்டும் மறுபடி பூசினால் போதும், கனம் போகாது. ஆனால் கறை சீக்கிரம் பிடிக்கும், அவ்வப்போது கவனிக்க வேண்டும். மலையின் ஈரத்தில் எதுவும் சேர்க்காத பச்சை எண்ணெய் காயவே நாளாகும், பூஞ்சையும் வரும். சீக்கிரம் காய உலர்த்திப் பொருள் கலந்த 'பாய்ல்டு' எண்ணெயை வாங்கி, மழையில்லாத வாரத்தில் மெல்லிசாகப் பூசி மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள்.

மூன்றாவதாக அரக்குப் பாலிஷ். அலமாரிக்கு அழகு, தண்ணீர் பட்டால் வெள்ளை வளையம் விழும். தளத்துக்கு வேண்டாம்.

என் தேர்வு: படுக்கையறை, கூடம் எல்லாம் எண்ணெய். சமையலறையிலும் ஆள் நடமாட்டம் அதிகமுள்ள வாசலிலும் பியூ, அதுவும் பலகையில் நாக்குக்கு மேலே இன்னும் 4 மி.மீ. மிச்சமிருந்தால் மட்டும். எண்ணெய் பூசிய துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள்; அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கலாம். வெளியே விரித்துக் காயவைத்துவிட்டுப் பிறகு எறியுங்கள்.