ருமேனிய அட்மிரல் பத்தின ஆடியோ தொடர், தாராளமா கேக்கலாம்

ருமேனிய கடற்படை அதிகாரி ரியர் அட்மிரல் ஹோரியா மாச்செலாரியு வாழ்க்கைய இவ்ளோ நிதானமா சொன்னதுக்கே இத வாங்கலாம். இரண்டாம் உலகப்போர்ல, 1944ல கிரிமியாவோட செவாஸ்டோபோல் துறைமுகத்துல மாட்டிக்கிட்ட ருமேனிய, ஜெர்மன் படைகள கருங்கடல் வழியா ருமேனியாவோட கான்ஸ்டான்ட்சா துறைமுகத்துக்கு கொண்டு வர்ற பகுதி இருக்கே, மேல சோவியத் விமானம் குண்டு போட கீழ கப்பல்ல ஆள் ஏத்துறாங்க, ஹெட்போன்ல கேட்டா பதறுதுங்க. அதே வருஷம் ஆகஸ்ட் 23 ருமேனிய ராஜா மிஹாய், நாட்ட ஆண்ட சர்வாதிகாரி அன்டோனெஸ்குவ கைது பண்ணி, நாடே ஜெர்மனிய விட்டு நேச நாடுகள் பக்கம் மாறினதும், நேத்து வரைக்கும் கூட நின்ன ஜெர்மன்காரங்கள துறைமுகத்துல பெரிய சண்டை இல்லாம வெளிய அனுப்புற பொறுப்பு இவர் தலையில, அந்த பேச்சுவார்த்தைய அவசரப்படாம சொல்லிருக்காங்க. அன்டோனெஸ்கு ஆட்சி யூதர்களுக்கு செஞ்ச கொடுமையையும் மறைக்கல. ஆனா 1948ல கம்யூனிஸ்ட் அரசு பிடிச்சு 1964 வரைக்கும் ஜெயில்ல வச்சத மட்டும் கடகடன்னு முடிச்சுட்டாங்க, அதான் ஆதங்கம். வாய்ஸ் சூப்பர். நாலு ஸ்டார்.