மலைநாட்டு ஈரத்தில் 12 போர் துவக்கின் கட்டையும் பிடியும்: நீண்ட காலப் பாவனை அனுபவம்

காட்டுப்பன்றி இறங்கும் மரக்கறித் தோட்டங்களில் காவலுக்கு இருக்கும் துவக்கு குறி தவறினால் முதலில் குழலைக் குறை சொல்வார்கள், பிறகு தோட்டாவை. தோளில் வைக்கும் மரப்பகுதியான கட்டையைப் பார்ப்பவர் குறைவு. ஆனால் பழைய ஆங்கிலேயத் துவக்குகளின் கட்டை பெரும்பாலும் 14½ அங்குலத்துக்குச் செய்யப்பட்டது. நெடிய கைக்கான அளவு அது. ஐந்தடி நான்கங்குல ஆள், நுவரெலியாக் குளிருக்கு ஸ்வெட்டரும் அதன்மேல் மழைக்கோட்டும் போட்டுக்கொண்டு அதைத் தூக்கினால் கட்டையின் அடி அக்குளில் சிக்கும், அவசரத்தில் தோளை விட்டுப் புயத்தில் உட்காரும். மறுநாள் புயம் கன்றிப்போவது அதனால்தான். கட்டையை ஆளுக்கு அளவாக்குவதும், அளவாக்கியதை மழையில் காப்பாற்றுவதும் இரண்டு வேலைகள். இரண்டாவதுதான் கடினம்.

இங்கே பேசுவது மரத்தைப் பற்றி மட்டும். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ் உரிமம் உள்ள துவக்கு, வருடா வருடம் புதுப்பித்த பத்திரத்தோடு இருக்க வேண்டும். குழலின் நீளம், விசையின் உள்பகுதி, இரும்பில் பொறித்த இலக்கம் எதிலும் கை வைக்கக் கூடாது. வேலை தொடங்குமுன் துவக்கைத் திறந்து தோட்டா போடும் அறையைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பாருங்கள். தோட்டாக்கள் அந்த வீட்டு அறையிலேயே இருக்க வேண்டாம்.

நீளத்தை விசையின் நடுவிலிருந்து கட்டையடியின் நடுவரை அளக்க வேண்டும். இரட்டை விசை என்றால் முன் விசையிலிருந்து. முழங்கையை மடித்து அதற்குள் கட்டையை வைத்துப் பார்க்கும் பழக்கத்தை நம்பாதீர்கள். தோள் அகலமும் கழுத்து நீளமும் அதில் தெரியாது. காவலுக்குப் போகும்போது உடுத்தும் அதே உடுப்போடு, வெற்றுத் துவக்கைக் கண்ணை மூடித் தோளில் ஏற்றி, பிறகு கண்ணைத் திறக்க வேண்டும். பிடியில் இருக்கும் கட்டைவிரலுக்கும் மூக்குக்கும் இடையே இரண்டு, மூன்று விரல் இடைவெளி இருந்தால் நீளம் சரி. அதற்குக் குறைந்தால் உதையில் விரல் மூக்கில் அடிக்கும். மெல்லிய சேர்ட்டோடு அளந்து வெட்டிய கட்டை குளிர்காலத்தில் அரை அங்குலம் வரை நீளமாகத் தோன்றும். சந்தேகம் இருந்தால் சற்று நீளமாகவே விடுங்கள். மறுபடி வெட்டலாம், ஒட்டினால் அது தெரியும்.

கணக்கைத் தாளில் எழுதிக்கொண்டுதான் வாளைத் தொட வேண்டும். இருக்கும் நீளம் 368 மில்லிமீற்றர், வேண்டியது 343 என்று வைத்துக்கொள்வோம். கட்டையடியில் பூட்டியிருக்கும் பழைய அடித்தட்டு 3 மில்லிமீற்றர் என்றால் மரம் மட்டும் 365. அதன் இடத்தில் வரும், உதையைத் தணிக்கும் புதிய இறப்பர் மெத்தை 19. ஆகவே 324 மில்லிமீற்றர் மரம் மிஞ்ச வேண்டும், வெட்ட வேண்டியது 41. குறுக்கியவர்களில் பலர் மெத்தையின் தடிப்பைக் கழிக்க மறந்துவிட்டு, வெட்டிய பிறகும் பழைய நீளத்துக்குக் கிட்டவே வந்து நிற்கிறார்கள்.

வெட்டும் சரிவும் முக்கியம். கட்டையடியைத் தரையில் முழுதாகப் படிய வைத்து, துவக்கைச் சுவரோடு நிறுத்தி, ஆக்‌ஷன் என்னும் இரும்புப் பெட்டியின் பின்பகுதி சுவரில் தொடும்போது குழல் வாய் சுவரிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பாருங்கள். 28 அங்குலக் குழலுக்கு சுமார் 2 அங்குலம் விலகல் வழக்கமானது. அது இல்லாமல் அடியை நேராக வெட்டினால் கீழ்முனை நெஞ்சில் குத்தும். வெட்டும் கோட்டைச் சுற்றி இரண்டு சுற்று மாஸ்கிங் டேப் ஒட்டி, நுண் பல் வாளால், கோட்டுக்கு ஒரு மில்லிமீற்றர் வெளியே அறுத்து, மிச்சத்தை 80 இலக்க மண்தாள் ஒட்டிய சமதளப் பலகையில் தேய்த்து எடுங்கள். டேப் இல்லாவிட்டால் அறுவை முடியும் பக்கத்தில் சில்லு பெயரும். நல்ல தச்சு பாஸ் ஒருவரிடம் கொடுத்தாலும் இந்தச் சரிவை நீங்களே குறித்துக் கொடுங்கள். மேசைக்காலை வெட்டும் பழக்கத்தில் கை செங்குத்தாகத்தான் போகும்.

41 மில்லிமீற்றர் போனால் சுமார் 100 கிராம் குறையும். மெத்தை அதில் ஒரு பங்கைத் திருப்பித் தரும், மீதிக்கு முன்பக்கம் கனக்கும். பொறுத்துக்கொள்ளலாம். மெத்தை அவசியமானது, இரண்டரைக் கிலோ ஒற்றைக்குழலில் பெரிய ஈயக்குண்டுகள் கொண்ட எஸ்.ஜி. தோட்டாவின் உதை இலேசானதல்ல. உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுத்தால் எந்த அளவும் பயனில்லை.

அடுத்தது கன்னம் வைக்கும் மேல்விளிம்பு. மலிவான ஒற்றைக்குழல்களில் அது தாழ்ந்திருக்கும். முகத்தைக் கட்டையில் அழுத்தினால் முன்குறி தெரியாது, தலையைத் தூக்கினால் கண் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நிற்கும். இதற்கு மரம் வெட்டி ஒட்டாதீர்கள். 3 மில்லிமீற்றர் பஞ்சுப்பட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, தோல் உறையால் கட்டிப் பாருங்கள். சுட அனுமதியுள்ள இடத்தில் 16 யார் தூரத்தில் தாளை வைத்து, ஒரே புள்ளியைப் பார்த்துச் சில தோட்டாக்கள் சுட்டால் சிதறலின் மையம் தெரியும். மையம் புள்ளிக்கு 1 அங்குலம் கீழே விழுந்தால் மேல்விளிம்பை 1/16 அங்குலம் உயர்த்த வேண்டும், 2 அங்குலம் என்றால் 1/8. மேலே விழுந்தால் அதே கணக்கில் தாழ்த்த வேண்டும். ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் அந்தப் பட்டையோடு போகட்டும். அதன் பிறகே நிரந்தர வேலை.

விசைக்குப் பின்னால் கை பற்றும் பிடிக்கு வருவோம். மலையில் செய்யப்படும் தவறுகளில் மிகப் பெரியது சைக்கிள் டியூபை வெட்டிப் பிடியில் சுற்றுவது. முதல் மாதம் அருமையாக இருக்கும், ஈரக்கையிலும் வழுக்காது. ஆனால் இறப்பருக்கு அடியில் போன தண்ணீர் வெளியே வராது. ஆறு மாதம் கழித்து அவிழ்த்தால் மரம் கறுத்து மெத்தென்றிருக்கும், விசைக்காப்பு வளையத்தின் அடியில் துரு செதில் செதிலாக வரும். மரத்தில் இருக்கும் துவர்ச்சத்தும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கறுப்புக் கறை நிச்சயம். பேட்மின்டன் மட்டைக்குச் சுற்றும் நாடாவும் அப்படித்தான். அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. தோல் உறை கொஞ்சம் மேல், ஆனால் பூஞ்சணம் பிடிக்கும். எங்கள் தீர்ப்பு: பிடியில் கட்டம் வெட்டுங்கள், அதாவது கை வழுக்காதபடி குறுக்கும் நெடுக்குமாக நுண்கோடுகள் வெட்டுங்கள், வேறெதையும் சுற்றாதீர்கள்.

கட்டம் ஏற்கெனவே இருந்து தேய்ந்திருந்தால் புதுப்பிப்பது எளிது. பழைய பல்துலக்கும் தூரிகையும் டர்பன்டைனும் கொண்டு கோடுகளில் அடைந்த அழுக்கையும் வார்னிஷையும் கிளறி எடுங்கள். பிறகு 60 பாகை முனையுள்ள வெட்டுக்கருவியால் பழைய கோட்டிலேயே மூன்று நான்கு முறை இலேசாக இழுக்க வேண்டும். ஒரே இழுப்பில் ஆழம் தேடினால் கருவி குறுக்குக் கோட்டில் தாவி வைரமுனையை உடைத்துவிடும். புதிதாக வெட்டுவதென்றால் அங்குலத்துக்கு 18 கோடு போதும், அதாவது கோட்டுக்குக் கோடு 1.4 மில்லிமீற்றர். 22, 24 என்று நெருக்கமாக வெட்டினால் பார்க்க அழகு. தோட்டச் சேறு பட்டால் இரண்டு நாளில் அடைத்துவிடும். பிடி தடிப்பாக இருக்கிறது என்று அரத்தால் ராவி மெலிவாக்குவது ஆபத்து. இரும்புப் பெட்டியிலிருந்து பின்னால் நீளும் வால் என்ற பட்டைக்காக உள்ளே ஏற்கெனவே குடைந்திருப்பதால் கட்டையிலேயே மரம் குறைந்த இடம் அதுதான்.

அந்த வாலின் பின்முனையிலிருந்து மயிரிழை போல ஒரு வெடிப்பு ஓடுகிறதா என்று வெயிலில் பிடித்துப் பாருங்கள். ஈரத்தில் மரம் உப்பி வாலை நெருக்குகிறது, ஒவ்வொரு உதையிலும் வால் பின்னோக்கி ஆப்பு போல இறங்குகிறது. திருத்துவதற்குக் கட்டையைக் கழற்றி, அசிட்டோனால் எண்ணெய் நீக்கி, மரத்தை இலேசாகச் சூடாக்கி, மெதுவாக இறுகும் வகை எபொக்சியை வெடிப்புக்குள் ஓடவிட்டு, 2 சென்ரிமீற்றர் அகல சைக்கிள் டியூப் பட்டையால் இறுக்கிச் சுற்ற வேண்டும். டியூபுக்கு ஏற்ற வேலை இதுதான். பெட்டியில் 24 மணித்தியாலம் என்று எழுதியிருந்தாலும் நுவரெலியாவில் மூன்று நாள் விடுங்கள். குளிரில் எபொக்சி மெதுவாகத்தான் இறுகும். தேக்குக் கட்டை என்றால் அசிட்டோன் துடைப்பு இரண்டு முறை, அதன் இயற்கை எண்ணெயில் பசை ஒட்டாது. கடைசியாக வாலின் பின்னால் ஒரு மில்லிமீற்றர் மரத்தைச் சுரண்டி இடைவெளி விடுங்கள். அதை விடாமல் ஒட்டிய கட்டைகள் அதே இடத்தில் மறுபடி வெடிக்கும்.

எண்ணெய்ப் பூச்சில் தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். அது காயாது, சிக்குவாடை அடிக்கும். பழைய இன்ஜின் ஒயில் மரத்தை ஊறவைத்து நாரைத் தளர்த்தும். பச்சை ஆளிவிதை எண்ணெய் இந்த ஈரத்தில் காய வாரக்கணக்காகும், அதற்குள் பூஞ்சணம் வரும். காய்ச்சியது வாங்குங்கள். மரத்தை 120, 180, 240 என்று தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து நார் எழும்பவிட்டு, காய்ந்ததும் 320 தாளால் எழும்பிய நாரை எடுக்க வேண்டும். பின் ஒரு சிறுகரண்டி எண்ணெய் முழுக் கட்டைக்கும் போதும். உள்ளங்கைச் சூட்டில் தேய்த்து, இருபது நிமிடத்தில் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் விட்டது பிசினாகும். எட்டு முதல் பத்துப் பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இடையில் குறைந்தது ஒரு நாள், தென்மேல் பருவமழைக் காலத்தில் இரண்டு மூன்று நாள். எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள் அல்லது தண்ணீரில் போடுங்கள். பொலியூரித்தேன் வார்னிஷ் முதல் வருடம் நன்றாக நிற்கிறது, ஒரு கீறல் விழுந்ததும் அதன் வழியே தண்ணீர் புகுந்து வெள்ளைத் திட்டாக உரிகிறது. எண்ணெய்ப் பூச்சில் கீறலுக்கு ஒரு துளி போதும்.

பலரும் பூசாமல் விடும் இடம் மெத்தைக்கு அடியில் இருக்கும் வெட்டுமுகம். மரம் தண்ணீர் குடிப்பது அதன் வழியாகத்தான். அதற்கும், இரும்பு உட்காரும் குழிவுகளுக்கும், கட்டையை இரும்புப் பெட்டியோடு பிணைக்கும் போல்ட்டின் துவாரத்து உள்பக்கத்துக்கும் எண்ணெய் விடுங்கள். மெத்தையின் ஸ்குரூக்களை மெழுகுதிரியில் தேய்த்துப் பூட்டினால் அடுத்த முறை உடையாமல் கழலும்.

வருடங்கள் போகப்போகத் தெரிவது இது. கட்டைப் போல்ட்டை ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் ஜூலையில் முறுக்காதீர்கள். உப்பிய மரத்தில் இறுக்கினால் நார் நசுங்கும், ஜனவரி, பெப்ரவரி வெயிலில் மரம் சுருங்கியதும் கட்டை ஆடும். மழை ஓய்ந்து மரம் காய்ந்த பிறகு முறுக்குங்கள். பண்டாரவளை, பதுளைப் பக்கம் இது தலைகீழ்: ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கச்சான் காற்று மரத்தை உலர்த்திவிடும், அப்போது பார்ப்பதே சரி. மெத்தை ஐந்தாறு வருடத்தில் இறுகும். நகத்தால் அழுத்தித் தடம் விழவில்லை என்றால் மாற்றுங்கள். துவக்கைப் பூட்டிய அலுமாரியில் குழல் வாய் கீழே இருக்கும்படி வையுங்கள். நிமிர்த்தி வைத்தால் இரும்புக்குப் போட்ட எண்ணெய் வடிந்து கட்டையின் கழுத்தில் ஊறும். ஊறிவிட்டால் சோக்குப் பொடியை அசிட்டோனில் குழைத்து அப்பி, காய்ந்ததும் உதிர்த்துவிட்டு மறுபடி அப்ப வேண்டும். பொடி மஞ்சளாகாமல் வெள்ளையாகவே உதிரும்வரை விடாதீர்கள்.