இடித்த காருக்கு இன்சூரன்ஸ் இல்லை: சுங்கை சிப்புட் ஏஜெண்டு அண்ணனைப் பற்றி

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பஸ் நிலையத்துக்கு இரண்டு வரிசை தள்ளிக் கீழே ஒரு தையல் கடை, மேலே ஏஜெண்டு அண்ணனின் அலுவலகம். மோட்டார் காப்புறுதி, ரோட்டெக்ஸ் (சாலை வரி), லைசன்ஸ் எல்லாம் அங்கேயே புதுப்பித்துக்கொள்ளலாம். கடைப் பெயரைப் போடட்டுமா என்று அவரிடமே கேட்டேன். "வேணாம்மா, ஊர்ல எல்லாருக்கும் தெரியும்" என்றார். தெரியாதவர்கள் தையல் கடை அக்காவைக் கேட்டால் மாடிப்படியைக் காட்டுவார்.

என் மைவி காரை வாங்கிய நாளிலிருந்து அவரிடம்தான் இன்சூரன்ஸ். வருடத்துக்கு ஒரு தடவை படியேறிப் பணம் கட்டிவிட்டு இறங்கியதோடு சரி. ஒவ்வொரு வருடமும் டிரைவர், பயணிகள் பி.ஏ. (தனிநபர் விபத்துக் காப்பு) என்று தனியாக 80, 90 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு தாளை நீட்டுவார். எனக்கு அது பிடிக்காது. கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை எனக்கு, சம்பளம் 1,850 வெள்ளி. அதில் 90 வெள்ளி சும்மா போகிறதே என்று மனசு கேட்கும். "உங்கம்மா உங்க கூடத்தானே வர்றாங்க" என்பார் அவர். வேண்டாம் என்று சொல்ல வாய் வராமல் கையெழுத்துப் போடுவேன்.

போன ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை காலை ஏழே கால் மணி. அம்மா பக்கத்து இருக்கையில், மடியில் மார்க்கெட் பையோடு. பெரிய சாலையில் ஈப்போ பக்கம் ஒரு செம்பனை லாரி போய் முடிந்தது. அதன் தூசி அடங்குவதற்குள் தோட்டத்துச் செம்மண் பாதையிலிருந்து ஒரு பழைய வீரா கார் நேராக வெளியே வந்து என் இடது பக்க முன்கதவில் இடித்தது. சத்தம் கேட்டது மட்டும்தான் நினைவு. திரும்பிப் பார்த்தபோது அம்மா வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். மணிக்கட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தக் காரிலிருந்து இறங்கிய பையனுக்கு இருபது வயது இருக்கும். ஒரு காலில்தான் செருப்பு. "அக்கா, ரோட்டெக்ஸ் செத்துப்போச்சு, இன்சூரன்ஸும் இல்லக்கா" என்றான், நான் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே. நம் ஊரில் இன்சூரன்ஸ் இல்லாமல் ரோட்டெக்ஸ் எடுக்க முடியாது. ஒன்று செத்தால் இன்னொன்றும் பெரும்பாலும் செத்திருக்கும்.

பத்து நிமிடத்தில் யாரும் கூப்பிடாமலே ஓர் இழுவை லாரி வந்து நின்றது. டிரைவர் சாவியைக் கேட்டார், ஒரு பாரத்தை நீட்டி, "கையெழுத்துப் போடுங்க, மத்ததெல்லாம் நாங்க பார்த்துக்குறோம்" என்றார். எனக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது, போட்டிருப்பேன். அதற்கு முன்னால் அண்ணனுக்குப் போன் செய்தது நல்லதாய்ப் போயிற்று. அவர் சொன்னது மூன்றே வார்த்தை: "சாவியை யாருக்கும் கொடுக்காதீங்க." அப்புறம் இன்சூரன்ஸ் கம்பெனியின் இழுவை எண்ணை அனுப்பினார். அம்மாவை ஆம்புலன்சில் ஏற்றும் வரை போனை வைக்கவில்லை. எல்லாக் கோணத்திலும் படம் எடு, அந்தக் காரின் எண் பலகை தெரிய எடு, பையனின் ஐ.சி.யை (அடையாள அட்டையை) படம் எடு, 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ரிப்போர்ட் செய் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். இந்த விமர்சனத்தை நான் எழுதுவதற்கு முதல் காரணம் அந்த அரை மணி நேரம்.

மருத்துவமனையில் இன்னொரு கூட்டம். அம்மாவுக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போதே நல்ல உடை போட்ட ஒருவர் வந்து, வக்கீல் ஆபீசிலிருந்து வருவதாகச் சொல்லி வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டார். விபத்து நடந்து மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. அவருக்கு யார் சொன்னார்கள் என்று இன்றைக்கும் தெரியாது. இப்படி வருகிறவர்களிடம் தயவுசெய்து எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். காயத்துக்கு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட பொதுவாக ஆறு வருடம் அவகாசம் இருக்கிறது. கட்டிலில் படுத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டிய விஷயம் இல்லை.

நான்காம் நாள் மாடியேறினேன். விபத்தைப் பற்றி இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஏழு நாளுக்குள் சொல்லிவிட வேண்டும், மருத்துவமனையில் படுத்திருந்தால் முப்பது நாள். அண்ணன் பழைய நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தில் நடுவே ஒரு கோடு போட்டார். இடது பக்கம் கார், வலது பக்கம் உடம்பு. "காருக்கு ஒரு தடவைதான்மா காசு வரும். உடம்புக்கு எத்தனை பாலிசி இருக்கோ அத்தனையும் பேசும்." பிறகு நடந்ததெல்லாம் அந்தத் தாளில் எழுதியபடிதான்.

முதலில் கார். இரண்டு பக்கமும் இன்சூரன்ஸ் இருந்து, தப்பு அவர்கள் மேல் என்றால், நாக் ஃபார் நாக் முறையில் நம் கம்பெனியே பழுது பார்த்துக் கொடுக்கும், க்ளைம் செய்யாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் கழிவான நம் என்.சி.டி.யும் போகாது. எதிரே இருப்பவனுக்கு இன்சூரன்சே இல்லை என்றால் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. நம் காரின் சேதத்துக்கும் சேர்த்து எடுக்கும் ஃபர்ஸ்ட் பார்ட்டி பாலிசியில் நம் சொந்தக் கணக்கில்தான் கேட்க வேண்டும், கேட்டால் என்.சி.டி. பூஜ்யம். நான் ஐந்து வருடத்துக்கு மேல் சேர்த்து வைத்த 55 சதவீதம். தப்பே செய்யாத எனக்கு ஏன் இந்தத் தண்டனை என்று கேட்டேன். அண்ணன் அதற்குச் சமாதானம் சொல்லவில்லை, கணக்குத்தான் போட்டார்.

என் காருக்குக் கழிவு இல்லாத பிரீமியம் 1,100 வெள்ளி. 55 சதவீதம் போக 495 கட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த வருடம் முழு 1,100. அதற்கடுத்து 25, 30, 38.33, 45 என்று கழிவு ஏறி மறுபடியும் 55-க்கு வரும்வரை நான் கூடுதலாகக் கட்டப்போவது மொத்தம் 1,500 வெள்ளி சொச்சம். பட்டறைக் கணக்கு 9,400. அதில் புதுச் சாமான் 5,200. என் கார் எட்டு வயது, அதனால் புதுச் சாமான் விலையில் 30 சதவீதம் நம் தலையில். பெட்டர்மெண்ட் என்கிறார்கள். ஐந்து வயதுக் காருக்கு 15-இல் தொடங்கி, பத்து வயதானால் 40. எனக்கு 1,560 வெள்ளி. ஆகக் கம்பெனி கொடுப்பது 7,840. அதில் 1,500 கழிந்தாலும் 6,300-க்கு மேல் மிச்சம். "என்.சி.டி.யைப் பார்த்து அழாதீங்க, க்ளைம் பண்ணுங்க" என்றார். பட்டறைக் கணக்கு 2,000 வெள்ளிதான் வந்திருந்தால் வேண்டாம் என்றிருப்பேன் என்றும் சொன்னார்.

இந்த பெட்டர்மெண்டில்தான் எனக்கு அவர் மேல் ஒரு குறை. அதைத் தள்ளுபடி செய்யும் கூடுதல் காப்பு சில கம்பெனிகளில் உண்டு. கார் ஐந்து வயதைத் தாண்டியபோதே அவர் எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். கேட்டேன். "சொல்லியிருக்கணும்மா, என் தப்பு" என்று ஒத்துக்கொண்டார். இந்தத் தடவை புதுப்பித்தபோது சேர்த்துக்கொண்டேன்.

இனி உடம்பு. எனக்கு வலது முழங்காலில் அடி, 21 நாள் எம்.சி. (மருத்துவ விடுப்பு). வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்து என்பதால் தொழிலாளர் காப்பு அமைப்பான சொக்சோ பணம் கொடுக்கும். ஆனால் அண்ணன் கேட்ட முதல் கேள்வி: "அம்மாவை இறக்கிவிட வழி மாறிப் போனீங்களா?" இல்லை, மார்க்கெட் கிளினிக்குக்கு நேர் எதிரே, தினமும் போகிற அதே சாலை. அப்படியானால் சரி என்றார். வேறு வேலையாக வழியை விட்டு விலகியிருந்தால் சொக்சோ மறுத்துவிடலாம். வீட்டிலிருந்து கிளினிக் வரை வழியை வரைந்து கொடுக்க வேண்டும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. அண்ணன் மகள் அளவுகோல் வைத்து வரைந்தாள்: எங்கள் தாமான் (குடியிருப்பு), கோயில் வளைவு, செம்மண் பாதை முக்கு, அதில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி, கிளினிக். அந்தப் படத்தின் பிரதியை இன்னும் வைத்திருக்கிறேன். முதலாளிக்குத் தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் அவர் சொக்சோவுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் டாக்டர் அன்றைக்கே சொல்லியிருந்தார். ஒரு நாளைக்குக் கணக்கிட்ட சம்பளத்தில் 80 சதவீதம், எனக்கு 50 வெள்ளிக்குக் கொஞ்சம் கீழே. 21 நாளுக்கு ஆயிரத்துச் சொச்சம் வந்தது.

அதோடு முடியவில்லை. நான் தனியாக எடுத்து வைத்திருந்த சின்ன பி.ஏ. பாலிசி, வேலைக்குப் போக முடியாத வாரத்துக்கு 100 வெள்ளி கொடுக்கும். மூன்று வாரத்துக்கு 300. சொக்சோ கொடுத்துவிட்டதே என்று அவர்கள் குறைக்கவில்லை. மருத்துவச் செலவு மட்டும் வேறு மாதிரி. ரசீதில் இருக்கும் தொகைக்கு மேல் யாரும் தரமாட்டார்கள். தனியாரிடம் காலுக்குப் பயிற்சி எடுத்த செலவு 640 வெள்ளி. கார் பி.ஏ.வில் உச்சவரம்பு 500. மூல ரசீதை அங்கே கொடுத்து, 500 கொடுத்தோம் என்ற கடிதத்தை வாங்கி, ரசீதின் பிரதியோடு என் சொந்த பாலிசிக்கு அனுப்பினார் அண்ணன். மிச்சம் 140-உம் வந்தது. இதை நானாகச் செய்திருக்க முடியாது. மூல ரசீதைத் தவறான இடத்தில் கொடுத்துவிட்டு விழித்துக்கொண்டிருந்திருப்பேன்.

என் அக்கா மகன் அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் இருக்கிறான். அங்கே இன்சூரன்ஸ் இல்லாதவன் இடித்தால் அதற்கென்றே நம் பாலிசியில் ஒரு காப்பு இருக்குமாம். வீட்டில் இரண்டு கார் இருந்தால் இரண்டின் வரம்பையும் கூட்டிக் கேட்கலாமாம், வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் ஒழிய. நம் நாட்டில் நமக்கு அப்படி ஒரு காப்பை யாரும் கட்டித் தருவதில்லை. ஃபர்ஸ்ட் பார்ட்டி, பயணிகள் பி.ஏ., சொக்சோ, சொந்த பி.ஏ. என்று நாமே ஒன்றோடு ஒன்று சேர்த்துத்தான் போர்வை தைத்துக்கொள்ள வேண்டும். அதைத் தைக்கத் தெரிந்தவர் வேண்டும்.

அம்மாவுக்கு 68 வயது, சொக்சோ கிடையாது. நான் வேண்டாவெறுப்பாகக் கட்டிவந்த அந்த 90 வெள்ளிதான் அம்மாவின் மருத்துவச் செலவையும் தாங்கியது. மணிக்கட்டு இன்னும் முழுசாகத் திரும்பவில்லை, மாவு பிசைய முடியவில்லை. அந்தக் காயத்துக்கு நஷ்டஈடு பையனிடம் கேட்டு என்ன கிடைக்கும்? இங்கேதான் எம்.ஐ.பி. வருகிறது. மோட்டார் காப்புறுதிக் கம்பெனிகள் சேர்ந்து நடத்தும் அமைப்பு அது. இன்சூரன்ஸ் இல்லாத வண்டி இடித்து உயிர் போனாலோ உடம்பில் காயம் பட்டாலோ அவர்களிடம் போகலாம். வண்டிச் சேதத்துக்கு ஒரு காசும் வராது. அண்ணன் மூன்று வக்கீல்களின் பெயரைக் கொடுத்து, "மூணு பேரையும் பார்த்துட்டு நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார். ஒருவரிடம்கூடத் தனக்குக் கமிஷன் இல்லை என்று அவராகவே சொன்னார்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பழைய காருக்கு, நம் காரின் சேதத்துக்குக் காசு தராத தேர்ட் பார்ட்டி மட்டும் எடுப்பவர்கள்தான் அதிகம், அதற்குத்தான் வசதி இருக்கிறது. அவர்களை இன்சூரன்ஸ் இல்லாதவன் இடித்தால் காருக்கு எங்கிருந்தும் காசு வராது. அவர்களாவது பயணிகள் பி.ஏ. கிடைக்குமா என்று கேட்டு எடுத்துக்கொள்ள வேண்டும், முதலாளி சொக்சோ கட்டுகிறாரா என்று மாதாமாதம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பையனுக்குப் போலீஸ் சம்மன் கொடுத்தது. இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியதற்குச் சட்டப்படி 1,000 வெள்ளி வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ உண்டு, லைசன்சும் போகும். நான் கையிலிருந்து கட்டிய 1,560-ஐ மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கையாகக் கேட்கலாம், 5,000 வெள்ளி வரை வக்கீல் இல்லாமலே கேட்க வழி இருக்கிறது என்றார் அண்ணன். கேட்கவில்லை. பையனின் அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் இரண்டு சீப்பு வாழைப்பழத்தோடு வீட்டுக்கு வந்து அம்மா காலைத் தொட்டுக் கும்பிட்டார். மாதம் 150 வெள்ளியாக அண்ணன் கடையில் கொண்டுவந்து வைக்கிறார். அண்ணன் ரசீது எழுதி எனக்கு வாட்சாப்பில் படம் அனுப்புகிறார். பையனின் வண்டிக்கும் இப்போது அங்கேதான் இன்சூரன்ஸ்.

போகிறவர்கள் காலை பத்தரைக்கு மேல் போங்கள், அதற்கு முன் கதவு திறக்காது. மாதக் கடைசியில் கூட்டம். படி ரொம்பச் செங்குத்து, கைப்பிடியும் ஒரு பக்கம்தான். வயதானவர்கள் கீழே தையல் கடையில் உட்கார்ந்துகொண்டு போன் செய்தால் பாரத்தோடு அண்ணனே இறங்கி வருவார். அம்மா போன வாரம் அங்கே உட்கார்ந்துதான் எம்.ஐ.பி. தாளில் இடது கையால் கையெழுத்துப் போட்டார்.