மலிவு விலை இரட்டைக் குழல்: புது துருக்கியா, பழைய ஸ்பெயினா?

பக்கவாட்டில் இரண்டு குழல் கொண்ட 12 போர் (குழல் அளவு) வேட்டைத் துப்பாக்கியை அதிகம் செலவழிக்காமல் வாங்க வேண்டும் என்றால் கடைசியில் மூன்று வழிதான் மிஞ்சும். ஒன்று, துருக்கியின் ஹூக்லுவில் செய்யப்படும் புதுத் துப்பாக்கி. சிஇசட் பாப்வைட் என்ற பெயரில் விற்பதும் அங்கே செய்ததுதான். இரண்டு, ரஷ்யாவின் இஷெவ்ஸ்கில் செய்த பைக்கால் ஐஇசட்ஹெச்-43. மூன்று, ஸ்பெயினின் ஐபார் நகரத்துப் பட்டறைகளிலிருந்து வந்து, கைமாறிக் கைமாறி நிற்கும் பாக்ஸ்லாக், அதாவது சுடும் பொறி இரும்புப் பெட்டிக்குள்ளேயே அடங்கிய வகை. மூன்றையும் எடை போட்டு நான் வாங்கியது மூன்றாவதை. ஆகவே கீழே ஸ்பெயின் பக்கம் தராசு சற்றுத் தாழ்ந்தே இருக்கும்.

பைக்காலை முதலில் முடித்துவிடலாம். உழைப்புக்கு அஞ்சாத சாமான் அது. குழலின் உட்பக்கம் குரோம் பூசியது, அதனால் சோம்பேறிக்கும் எளிதில் துருப்பிடிக்காது. ஆனால் கனம், மூன்றரைக் கிலோவை ஒட்டி நிற்கும். புதிதில் திறப்பதற்கே முழங்காலில் வைத்து மடக்க வேண்டியிருக்கும். மரமும் இரும்பும் சேரும் இடத்தில் நேர்த்தி எதிர்பார்க்கக் கூடாது. 2014இல் இதைச் செய்யும் கலாஷ்னிகோவ் நிறுவனத்தின் மேல் அமெரிக்கத் தடை வந்தபின் அமெரிக்கச் சந்தைக்குப் புதிது வருவதும் நின்றது. ஒரே இடத்தில் உட்கார்ந்து காத்திருந்து சுடுபவருக்கு இதுவே போதும். நாள் முழுக்கக் கையில் தூக்கி நடப்பவருக்கு வேண்டாம்.

துருக்கியத் துப்பாக்கி கண்ணைப் பறிக்கும். வால்நட் மரம் விளையும் நாடு, மரத்தில் கஞ்சத்தனம் இருக்காது. மாற்றிக்கொள்ளக்கூடிய சோக் (ரவை சிதறுவதைக் கட்டுப்படுத்தும் குழல்வாய்க் குறுகல்), 76 மி.மீ. சேம்பர் (தோட்டா உட்காரும் அறை), உத்தரவாதச் சீட்டு எல்லாம் கூடவே வரும். பாப்வைட் ஜி2வில் இரண்டு டிரிக்கரும் நேரான ஆங்கிலக் கைப்பிடியும் இருப்பது நல்ல தேர்வு. மலிவு விலையில் ஒற்றை டிரிக்கர் வைத்ததைத் தேடிப் போகாதீர்கள். பெரும்பாலும் முதல் வெடியின் உதையை வாங்கித்தான் அந்த இயந்திரம் இரண்டாவது குழலுக்கு மாறும். இலேசான தோட்டா போட்டால் உதை போதாமல் இரண்டாவது குழல் ஊமையாகிவிடும். பாகம் தேய்ந்தால் இரண்டும் சேர்ந்தே வெடிக்கலாம். இரண்டு டிரிக்கரில் இந்தத் தொல்லை இல்லை. எந்தக் குழலின் சோக் வேண்டுமோ அதன் டிரிக்கரை இழுத்தால் ஆயிற்று.

நேர்த்தியைப் பார்க்க விளம்பரப் படம் உதவாது. கட்டையும் இரும்பும் சேரும் கோட்டில் விரல் நகத்தை ஓட்டுங்கள். மரம் இரும்பைவிட அரை மில்லிமீட்டர் மேலே நின்றால் பரவாயில்லை, பின்னாளில் தேய்த்துச் சரிசெய்ய இடம் வைத்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். ஒரு பக்கம் மேலே, மறு பக்கம் பள்ளம் என்றால் அவசர வேலை. திருகுகளின் வெட்டு ஆளுக்கொரு திசையில் நிற்கிறதா, குழல்களின் நடுவே ஓடும் ரிப் என்ற பட்டையை ஒட்டிய ஈயப்பற்று ஊசித்துளை இல்லாமல் ஓடுகிறதா என்றும் பாருங்கள். வேட்டைக் காட்சியைச் செதுக்கியதுபோல லேசரில் சுட்டிருப்பதற்குக் காசு கொடுப்பது வீண்.

இத்தனையும் மேற்பூச்சுக் கணக்குதான். முடிவைத் தீர்மானிப்பது ஒரே விஷயம்: குழலும் பின்புற இரும்புச் சுவரும் சேரும் மூட்டு. குழலின் அடியில் உள்ள கொக்கி, ஹிஞ்ச் பின் என்ற கீல் ஆணியில் மாட்டிச் சுழல்கிறது. ஒவ்வொரு வெடியும் குழலை முன்னும் பின்சுவரைப் பின்னும் தள்ளப் பார்க்கும். கிரீஸ் இல்லாமல் உலர்ந்து ஓடினாலோ, ஓங்கி அடித்து மூடும் பழக்கம் இருந்தாலோ, கனத்த தோட்டாவையே போட்டாலோ கொக்கி தேயும். ஒரு மயிரிழை இடைவெளி விழுந்துவிட்டால் அப்புறம் ஒவ்வொரு வெடியும் சுத்தியலடிதான். தேய்மானம் தேய்மானத்தைப் பெருக்கும்.

சோதிக்கும் முறை எளிது. முதலில் திறந்து இரண்டு சேம்பரும் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். பிறகு குழலின் அடியில் கைபிடிக்கும் முன்கட்டையைக் கழற்றிவிடுங்கள். முன்கட்டையின் ஸ்ப்ரிங் குழலை இழுத்துப் பிடித்துத் தளர்ச்சியை மறைக்கும் என்பதால் இதைத் தவிர்க்கக் கூடாது. துப்பாக்கியை மூடி, கைப்பிடியைப் பற்றி இடவலமாகக் குலுக்குங்கள். ‘டிக்’ என்று சத்தமோ ஆட்டமோ வந்தால் மூட்டு தளர்ந்திருக்கிறது. அடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் குழலுக்கும் பின்சுவருக்கும் இடையே ஒளிக்கீற்று தெரிகிறதா என்று பாருங்கள். சிகரெட் சுற்றும் மெல்லிய தாள் ஒரு கீற்றை இடையில் வைத்து மூடினால் தாளைக் கவ்விப் பிடிக்க வேண்டும். உருவ வந்தால் இடைவெளி இருக்கிறது. துப்பாக்கியைத் திறக்கத் தள்ளும் மேல் லீவரையும் கவனியுங்கள். நன்றாகப் பூட்டும் துப்பாக்கியில் அது நடுக்கோட்டுக்குச் சற்று வலப்பக்கம் நிற்கும். நடுவைத் தாண்டி இடப்பக்கம் சாய்ந்திருந்தால் பூட்டும் பாகம் தேய்ந்துவிட்டது.

விற்பவர் கைவரிசையும் இங்கேதான். கொக்கியின் வளைவில் கெட்டிக் கிரீஸை அப்பிவைத்தால் குலுக்கும்போது ஆட்டம் தெரியாது. துணியால் துடைத்துவிட்டுச் சோதியுங்கள். கொக்கியின் பக்கவாட்டில் பஞ்ச் அடித்த புள்ளிகள் தெரிந்தால், இரும்பை அடித்துப் பிதுக்கி இறுக்கியிருக்கிறார்கள். சில நூறு தோட்டாவில் பழையபடி ஆகிவிடும்.

தேய்ந்தால் என்ன ஆகும் என்பதில்தான் ஸ்பெயின் என் பக்கம் வந்தது. ஐபார் பாக்ஸ்லாக், பர்மிங்ஹாமின் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் பட்டறையில் 1875இல் உருவான ஆன்சன்–டீலி அமைப்பின் வழிவந்தது. கையால் அரம் போட்டுச் சேர்த்த சாமான் என்பதால் கையாலேயே மீண்டும் சேர்க்கலாம். தடித்த ஹிஞ்ச் பின் போட்டோ, கொக்கியில் இரும்பு ஏற்றி, புகைக்கரி தடவி ஒட்டும் இடம் பார்த்து அரம் போட்டோ இறுக்கிவிடுவார் தொழில் தெரிந்த கன்ஸ்மித். V வடிவ ஸ்ப்ரிங் உடைந்தால் புதிதாகச் செய்துவிடலாம். மலிவு விலைப் புதுத் துப்பாக்கிக்கு இதே வேலையைச் செய்யச் சொன்னால், கூலி துப்பாக்கியின் விலையைத் தொடும். பெரும்பாலோர் தொடவே மாட்டார்கள். உத்தரவாதம் இருக்கும்வரை மாற்றித் தருவார்கள், பிறகு உதிரிபாகம் கிடைத்தால் உண்டு. மறுவிற்பனையும் இதே தர்க்கத்தில்தான் ஓடுகிறது. புதியது பெட்டியைத் திறந்த அன்றே விலையிறங்கும். சரியான மூட்டுள்ள ஸ்பெயின் துப்பாக்கி ஏற்கெனவே இறங்க வேண்டியதெல்லாம் இறங்கி நிற்கிறது.

ஸ்பெயின் என்றாலே தங்கம் என்று நினைக்கவும் வேண்டாம். ஐபாரில் ஏராளமான பட்டறைகள் இருந்தன, தரம் ஆளுக்கு ஆள் மாறும். உள்பாகம் சரியாகக் கடினப்படுத்தாமல் மென்மையாக விட்டவையும் உண்டு. அகிர்ரே இ அரன்சபால் என்ற பட்டறையின் பெயர் சுருக்கமாக ஏ-ஒய்-ஏ. அதை ஒரே சொல்லாக உச்சரித்தால் நம் காதில் ‘ஆயா’ என்றுதான் விழும். அதன் நம்பர் 4 மாடல், வெடித்த தோட்டாக் கூட்டைத் தானே வெளியே தள்ளும் எஜெக்டர் வைத்தது, யோமன் மாடல் அதைவிட எளியது. ஆயாவும் உகார்டெச்சியாவும் நம்பித் தேடக்கூடிய பெயர்கள். பெயர் தெரியாத பட்டறைச் சரக்கில் பொறுமையாகத் தேடினால் நல்லதும் அகப்படும், ஆனால் ஒவ்வொன்றையும் தனியாகத்தான் எடை போட வேண்டும்.

வாங்குமுன் சேம்பர் நீளத்தைக் குழலின் அடியில் உள்ள முத்திரையில் படியுங்கள். பழையவற்றில் 65 மி.மீ. சேம்பர் உண்டு. இதில் 70 மி.மீ. தோட்டா தடையில்லாமல் உள்ளே போய் உட்காரும், ஆபத்தே அதுதான். தோட்டாவின் நீளம் வெடித்தபின் விரிந்த நிலையில் அளப்பது. மடித்த வாய் விரிய இடமில்லாமல் சேம்பருக்கு முன்னுள்ள குறுகலில் சிக்கி அழுத்தம் ஏறும். 1927 முதல் ஐபார் முத்திரையில் ஆண்டைக் குறிக்கும் எழுத்தும் இருக்கும், வயதை விற்பவரிடம் கேட்க வேண்டியதில்லை. குழலைத் தனியே கழற்றி, கொக்கியில் விரலை மாட்டித் தொங்கவிட்டு, மரக்குச்சியால் தட்டினால் மணிபோல ஒலிக்க வேண்டும். ஓட்டைப் பானைபோல அதிர்ந்தால் ரிப்பின் பற்றுவைப்பு எங்கோ விட்டிருக்கிறது. சுவர்க்கனத்தை அளவுகருவியால் பார்க்கச் சொல்லுங்கள், எங்கேனும் 0.5 மி.மீ.க்குக் கீழே போனால் விட்டுவிடலாம்.

ஸ்பெயின் தோற்கும் இடமும் உண்டு. ஈயம் தடைசெய்த நீர்நிலைகளில் எஃகு ரவை போட வேண்டும். பழைய ஸ்பெயின் குழல்களின் இறுக்கமான, மாற்ற முடியாத நிலைச் சோக்குக்கும் மெல்லிய சுவருக்கும் அது ஒத்துவராது. அதிக அழுத்த எஃகுத் தோட்டாவுக்குத் தேறிய குழலில் லில்லிப் பூ முத்திரை இருக்கும். வாத்துதான் உங்கள் வேட்டை என்றால், ஈயத்துக்கு மாற்றான, விலை கூடிய பிஸ்மத் ரவைக்குத் தண்டம் அழுவதைவிட அந்த முத்திரை உள்ள துருக்கியத் துப்பாக்கியை வாங்குவதே புத்திசாலித்தனம்.

உடம்புக்குப் பொருந்துவது கடைசி, ஆனால் சின்ன விஷயமில்லை. காலித் துப்பாக்கியைப் பாதுகாப்பான திசையில், கண்ணை மூடிக்கொண்டு தோளில் ஏற்றி, பிறகு கண்ணைத் திறங்கள். குழல்களின் நடுவே ரிப் நேராக, சற்றே மேலேறித் தெரிய வேண்டும். பின்சுவர் கண்ணை மறைத்தால் கட்டை தாழ்வு. ரிப் பக்கவாட்டில் சரிந்தால் கட்டையின் வளைவு உங்களுக்கானதல்ல. பிறகு சுடுதளத்தில் 16 கெஜத்திலிருந்து குறி பார்க்காமல், தூக்கியவுடன் தாளில் சில வெடி போடுங்கள். நடு 1 அங்குலம் விலகினால் கட்டையில் 1/16 அங்குலம் திருத்தம் என்பது பழகிய கணக்கு. வால்நட் கட்டையின் கழுத்தைச் சூடாக்கி வளைக்கலாம், வளைவு சிறிது திரும்பி வருவதும் உண்டு. இரண்டு குழலையும் தனித்தனியாக 35–40 கெஜத்தில் சுட்டு, இரண்டும் ஒரே இடத்தில் விழுகிறதா என்று பாருங்கள். இடக்குழல் ஓரிடம், வலக்குழல் ஓரிடம் என்றால் அது குழல்களைச் சேர்த்த பட்டறையின் பிழை. கட்டையை வளைத்துத் தீராது. புதிதானால் அன்றே திருப்பிக் கொடுங்கள்.

வாங்கிய பின் ஹிஞ்ச் பின்னிலும் கொக்கியிலும் பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு அரிசி அளவு புதுக் கிரீஸ் வைப்பதும், குழல்வாய் கீழ்நோக்கி நிறுத்திவைப்பதும் போதும். மேல்நோக்கி நிறுத்தினால் எண்ணெய் வடிந்து கட்டையின் தலைப்பகுதியில் ஊறி மரத்தை இளக்கிவிடும். பழைய துப்பாக்கிகளில் பின்சுவரை ஒட்டிக் கறுத்துத் தெரியும் திட்டு பெரும்பாலும் அந்த எண்ணெய்தான். அதை அழுத்திப் பார்த்து, மயிரிழை வெடிப்பு இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.