போஸ்ட்டாக் பணியில் சேருமுன்: ஆய்வு நிதி முடியும் நாளைக் கேளுங்கள்

பொருளறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற கையோடு ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் போஸ்ட்டாக் எனப்படும், பட்டத்துக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணியில் சேர்ந்த நான், ஓராண்டு நிறைவதற்குள்ளாகவே வேலையை இழந்தேன். இத்தகைய பணிகளுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருப்பவர்கள் எனக்கு நேர்ந்ததை அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

விளம்பரத்தில் 2 ஆண்டுப் பணி என்றும் நீட்டிப்புக்கு வாய்ப்புண்டு என்றும் இருந்தது. காணொளி நேர்காணலில் பேராசிரியர், நீட்டிப்பெல்லாம் வெறும் சம்பிரதாயம் என்றார். ஆனால் நியமனக் கடிதத்தின் நான்காம் பத்தியில், பணிக்காலம் ஓராண்டு என்றும் அதுவும் நிதி இருப்பைப் பொறுத்தது என்றும் ஒரே ஒரு வரி இருந்தது. அதைப் படிக்கத்தான் செய்தேன். எல்லாக் கடிதங்களிலும் வரும் வாசகம்தானே என்று எண்ணிக் கையெழுத்திட்டேன்.

சேர்ந்த முதல் நாளே மனம் துணுக்குற்றது. மெல்லிய படலங்கள் உருவாக்க நான் முழுதும் நம்பியிருந்த ஸ்பட்டரிங் கருவியின் வெற்றிட பம்ப் பழுதாகிக் கிடந்தது. கருவியின் கதவில் 'பயன்படுத்த வேண்டாம்' என்று ஒட்டியிருந்த காகிதத்தில் எழுதியிருந்த தேதி, என் நேர்காணலுக்கும் 2 மாதம் முந்தையது. அது சரியாகும்வரை மாணவர்களின் ஆய்வேடுகளைத் திருத்துவதிலும் பேராசிரியரின் அடுத்த நிதி விண்ணப்பத்துக்குப் படங்கள் வரைவதிலும் 5 மாதங்கள் போயின. கருவி ஓடத் தொடங்கி, நல்ல அளவீடுகள் கைக்கு வந்துகொண்டிருந்த ஒன்பதாம் மாதத்தில், திட்ட நிதி முடியப்போகிறது, வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்.

பெரும்பாலான போஸ்ட்டாக் ஊதியம் பல்கலைக்கழகத்தின் நிலையான வரவுசெலவிலிருந்து வருவதில்லை. பேராசிரியர் பெற்ற ஆய்வுத் திட்ட நிதியிலிருந்தே வருகிறது. திட்டம் முடிந்தால் பணியும் முடிந்துவிடும்; அயல்நாட்டவர்க்குப் பல நேரங்களில் விசாவும் அத்துடன் கேள்விக்குறியாகிவிடும். என் திட்டம் முடியும் நாள் நான் விண்ணப்பிக்கும் முன்பே முடிவாகி, நிதி வழங்கிய அமைப்பின் இணையதளத்தில் எவரும் பார்க்கும்படி இருந்தது. பேராசிரியர் அதை அறியாமல் 2 ஆண்டு என்று விளம்பரம் கொடுத்திருக்க முடியாது. மனிதவள அலுவலகத்தில் முறையிட்டபோது, அந்த நான்காம் பத்தியை விரலால் தொட்டுக் காட்டினார்கள்.

இழந்தது ஊதியம் மட்டுமன்று. நல்கைகள் எனப்படும் ஆய்வு நிதியுதவிகள் பலவற்றுக்கான தகுதி, முனைவர் பட்டத்துக்குப் பின் கழிந்த காலத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது. ஐரோப்பாவின் மேரி ஸ்க்லோடோவ்ஸ்கா கியூரி போஸ்ட்டாக் நல்கைக்கு, பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு அனுபவம் 8 ஆண்டுகளுக்கு மேற்படக் கூடாது. அந்தக் கணக்கில் என் 11 மாதங்களும் சேர்ந்துவிட்டன. நான் விலகிய பின் வெளிவந்த ஆய்வுக்கட்டுரையில் என் அளவீடுகள் இருக்கின்றன; என் பெயரோ நன்றியுரையில் மட்டும் இருக்கிறது.

ஆகவே, கையெழுத்திடுமுன் திட்ட நிதி எந்த நாளில் முடிகிறது என்பதை மின்னஞ்சலில் கேட்டு, எழுத்துவடிவில் பதில் பெறுங்கள். உங்களுக்கு வேண்டிய கருவி இன்று இயங்குகிறதா என்று பேராசிரியரை அன்றி, அதைக் கையாளும் மாணவரைக் கேளுங்கள். அந்த ஆய்வகத்திலிருந்து அண்மையில் விலகியவர்களை நீங்களாகவே தேடிப் பேசுங்கள். பேராசிரியர் கைகாட்டுபவர்கள் நல்லதையே சொல்வார்கள். கட்டுரையில் யாருக்கு எந்தப் பங்கு என்பதையும் தொடக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டுரைக்கு யார் என்ன செய்தார் என்று பிரித்துக் காட்ட, பல இதழ்கள் கேட்கும் கிரெடிட் (CRediT) வகைப்பாட்டின் 14 பங்களிப்புகள் அதற்கு உதவும்.

இப்போது வேறோர் ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். சேருமுன் இதே கேள்வியைக் கேட்டதற்கு, அந்தப் பேராசிரியர் சற்றும் தயங்காமல் நிதி முடியும் நாளையும் எஞ்சியிருக்கும் மாதங்களையும் அன்று மாலையே எழுதி அனுப்பினார்.